நீக்கப்பட்ட தசமம்

தசமப் பின்னம் பாதியோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த முழு எண்ணாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினுக்கு நான்கு விரல்களைக் கொடுத்திருந்த என் பக்கத்து வீட்டு ஏழுமலைக்கு மட்டும் அது பொருந்தவில்லை. ஊனமுற்றோருக்கான பியூன் வேலைக்கு நாற்பது சதவீத ஊனம் வேண்டும். சேரும்போது முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. மருத்துவர் எழுதியது முப்பத்தொன்பது புள்ளி ஆறு. தசமம் நீக்கப்பட்டது, தகுதியில்லை என்று மனு திரும்பி வந்தது.

"தசமம்னா இன்னா சார்?"

ஓய்வு பெற்றவனுக்கு விளக்கம் சொல்லக் கசக்குமா?

"தசம்னா பத்து, ஏழுமலை. மனுஷனுக்குப் பத்து விரல் இருக்கறதாலதான் உலகமே பத்துப் பத்தா எண்ணுது."

சொன்ன பிறகுதான் அவர் கைகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அப்போ ஆறு வெரலு கீறவன் கணக்குலயே வரமாட்டான்னு சொல்லு சார்" என்று சிரித்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அன்றே விதியைக் குறிப்பிட்டு மேல்முறையீடு எழுதினேன், நினைவூட்டல்களும் அனுப்பினேன். "பொறந்த நாளுக்குள்ள வந்துருமா சார்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

யார் எதிரிலும் விரல்விட்டு எண்ண எனக்கு இன்றும் கூச்சம்தான்.

பதில் வந்தது. நாற்பது என்று முறையாகத் திருத்தியிருந்தார்கள். வந்த தேதி, அவருடைய முப்பத்தைந்தாவது பிறந்த நாளுக்கு மறுநாள்.