சுங்கச் சேவகரின் குத்துச்சண்டை வீரர்

புதுச்சேரி ரயில் நிலையத்தில் சுங்கச் சோதனை நடக்கிறது. இங்கே பிரெஞ்சு ஆட்சி, எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆட்சி என்பதால், சுங்கச் சேவகர் சீமைச்சுண்ணாம்பால் குறி போடாத பெட்டி வண்டியேறாது. புறப்படப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. தோளில் என் ஆறு மாத மகள் பசித்து அழுகிறாள்.

சேவகர் என் கூடையிலிருந்து பால்புட்டியை எடுத்து, அதைச் சுற்றியிருந்த சென்னை ஆங்கிலப் பத்திரிகையைப் பிரிக்கிறார். அதில் ஓர் ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரரின் படம்.

"இவன அடிக்க உலகத்துல யாருய்யா இருக்கான்?" என்கிறார்.

என் பெட்டியைச் சுமந்துவந்த கூலிக்காரர் சிரிக்கிறார். "உங்க தொர நோஞ்சானுங்கள அடிச்சிப் பேரு வாங்கினவரு. பெரிய கையி எதிர்ல வந்தா படுத்துடுவாரு."

"அம்மா படிச்சவங்க. சண்டையில யாரு ஜெயிச்சதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா" என்று சேவகர் பத்திரிகையை என் பக்கம் திருப்புகிறார்.

செய்தியை நேற்றே படித்துவிட்டேன். வென்றார் என்று சொன்னால் உடனே விட்டுவிடுவார். புட்டி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் வரவில்லை.

"அமெரிக்கக்காரர்கிட்ட மூணாவது சுத்துலயே விழுந்துட்டாராம். முன்னாடி ஜெயிச்சதெல்லாம் வயசானவங்களத்தானாம்."

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னேன்?

"நான் சொல்லல?" என்று கூலிக்காரர் தொடையில் தட்டுகிறார்.

சேவகர் புட்டியை என்னிடம் நீட்டுகிறார். பெட்டியில் குறி போடுகிறார். பிறகு படத்தை மட்டும் பதமாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

"தோத்தவன் படம் எதுக்கு?" என்கிறார் கூலிக்காரர்.

"பெரிய கையோட மோதப் போனான்ல? நீ போவியா?"

வண்டியில் மகள் பால் குடிக்கிறாள். வென்றார் என்றே சொல்லியிருக்கலாமோ என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.