கம்பத்தில் நான் போட்ட தாழ்ப்பாள்

அன்று காலை நாலு மணிக்கு எழுந்து நான் முதலில் செய்தது, வெந்நீர் போட்டுக் குளியலறையில் கொண்டுபோய் வைத்து, தங்கை சாந்தா உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து சாத்தியது. உள்தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் போனவள். இப்போது முப்பத்து மூன்று. வீட்டுக்குள் கைகளை ஊன்றித் தரையோடு நகர்ந்து போவாள். அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வாசல் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் மத்தியானம் ஒருமுறை வந்து பார்ப்பார். அன்றும், நான் திரும்பும்வரை இரவில் வந்து துணைக்குப் படுத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கம்பத்துக்கு நான் போனது ஊர் பார்க்க மட்டும் அல்ல. கம்பத்தில் பாக்கியம் என்று ஒரு பெண் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறாள். அவளுக்கும் இதே வாதம்தான். காலைத் தாங்கும் கம்பிக்கு அளவெடுக்கப் போன இடத்தில் சாந்தாவும் அவளும் பழகி, இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். சாந்தா தட்டச்சில் இரண்டு மொழியிலும் மேல்நிலை தேறியவள். 'இங்கே வந்து காலை வகுப்பு எடு, என் வீட்டையடுத்த பகுதி காலியாக இருக்கிறது, தனியாக இருந்துகொள்ளலாம்' என்று பாக்கியம் மார்கழியில் எழுதியிருந்தாள். சாந்தா அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்து, "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுக்கா. நீ வேணாம்னா வேணாம்" என்றாள். அப்படிச் சொன்னவள் அதற்குப் பிறகு நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் கைப்பையில் வேறொரு காகிதமும் இருந்தது. தேனிப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கு மாற்றல் கேட்டு நான் எழுதி வைத்திருந்த விண்ணப்பம். அவள் போவதானால் நானும் கூடப் போவது என்பது என் ஏற்பாடு. அதை அவளிடம் சொல்லவில்லை.

இனிப் பயணம். பொங்கல் விடுமுறை. மதுரையிலிருந்து காலை 6.10க்குக் கம்பம் பேருந்து. உசிலம்பட்டி 7.20, ஆண்டிபட்டி கணவாய் எட்டே கால், தேனி 8.45. எழுபத்தாறு கிலோமீட்டர். கணவாய் ஏறி இறங்கியதும் காற்று மாறுகிறது. அதுவரை வெறும் கரிசலும் உடைமரமுமாக வந்த கண்ணுக்கு, திடீரென்று பச்சை அதிகமாகத் தெரியும். தேனியில் வண்டி அரை மணி நேரம் நிற்கும். நிலையத்துக்கு எதிரே நாலு இட்லியும் காப்பியும் இரண்டு ரூபாய். பிறகு வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். இருபுறமும் வாழையும் நெல்லும், இடையிடையே திராட்சைப் பந்தல்களும். பத்தே முக்காலுக்குக் கம்பம். மதுரையிலிருந்து முழுக் கட்டணம் ஒன்பது ரூபாய் இருபது பைசா. (1984 தை மாத நிலவரம் இது.) வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மேற்கு மலை கடைசிவரை கூடவே வரும்.

நிலையத்திலிருந்து குதிரை வண்டியில் ஒன்றரை ரூபாய். "பாக்கியம் வீடு" என்று சொன்னதுமே வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "டைப்படிக்கிற ஆத்தா வீடா? சறுக்குப் போட்ட வீடுன்னு சொல்லுங்க."

சறுக்கு என்றால் வாசல்படிக்குப் பதிலாகப் போட்ட சிமெண்ட் சரிவு. பாக்கியம் கொத்தனாரை வைத்துக் கட்டியது. முதலில் அவர் மிகச் செங்குத்தாகப் போட்டுவிட்டதில், மூன்று சக்கர வண்டியோடு பின்னால் உருண்டு சாக்கடையில் விழுந்தாளாம். "கொத்தனாரு தூக்க வந்தாரு. தூக்க வேணாம்யா, மொதல்ல இத இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுங்கன்னேன். சாக்கடைக்குள்ள உக்காந்துக்கிட்டே சொன்னேன் அக்கா" என்று சிரித்தாள். முப்பத்தெட்டு வயது, வட்ட முகம், தோளும் கையும் பயில்வானுக்கு இருப்பதைப் போல.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டு வீடு, இரண்டு அறை, பின்னால் குளியலறை. அதில் எந்தப் பொருளும் என் இடுப்புக்கு மேல் இல்லை. ஸ்டவ் தரையில். தீப்பெட்டி, முழங்கால் உயரத்தில் ஆணி அடித்து மாட்டிய தகர டப்பாவில். விளக்கு ஸ்விட்ச் அதற்குப் பக்கத்தில். கதவுகளின் தாழ்ப்பாள் எல்லாம், உள்ளும் வெளியும், தரையிலிருந்து இரண்டடி. நான் நின்றுகொண்டு இந்த வீட்டில் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் எல்லாம் கைக்கு எட்டியது.

தண்ணீர் மட்டும் அவளால் தூக்க முடியாது. பக்கத்து வீட்டுக் குருவம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு ஏலத்தோட்டத்து ஜீப் ஏறுமுன் இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போகிறாள். அவள் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். அவன் கடிதத்தை வாசித்துப் பதில் எழுதிக் கொடுப்பது பாக்கியம். "நான் எழுதலைன்னா அவக மகன்கிட்ட என்ன பேசுவாக? அவக ஊத்தலைன்னா நான் எதுல குளிப்பேன்? சரியாப் போச்சுல்ல" என்றாள்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போனோம். அவள் கையால் மிதியைச் சுற்றி வண்டியை ஓட்ட, நான் கூடவே நடந்தேன். ஒரு மேட்டில் என் கை தானாகப் போய் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. சட்டென்று நிறுத்திவிட்டாள். "யாரு தள்ளுறது? வண்டி எங் கையில நிக்க மாட்டேங்குது அக்கா." வெட்கமாகப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே குமுளி ஜீப் ஒன்றின் டிரைவரை அவளே கூப்பிட்டாள்.

"ஏலே முருகா, இங்கன வா. முன் சக்கரத்தப் பிடி. நாஞ் சொன்னப்புறம் தூக்கு."

முருகன் சக்கரத்தைப் பிடித்தபடி என்னிடம் சொன்னான்: "ஒருக்கா சொல்லாமத் தூக்கிப்புட்டேன் டீச்சர். ஒரு வாரம் ஏச்சு. எம் பொண்டாட்டிகூட அம்புட்டு ஏசுனதில்ல."

"ஒம் பொண்டாட்டிக்கு வாயில்ல, அதேன் நீ பொழைக்கிற. ம், தூக்கு."

மறுநாள் சுருளி அருவி பார்க்கக் கிளம்பினேன். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர், முதல் பேருந்து காலை 5.45, கட்டணம் எண்பது பைசா. குருவம்மா தண்ணீர் ஊற்றிவிட்டு ஜீப்பில் போயிருந்தாள். பாக்கியம் குளித்துக்கொண்டிருந்தாள். "வாரேன் பாக்கியம்" என்று குரல் கொடுத்தேன். "பாத்துப் போங்கக்கா, பாறை வழுக்கும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. வாசல் கதவைச் சாத்திக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன்.

அருவி நன்றாக இருந்தது. பேருந்து நிற்குமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. தையில் கூட்டம் இல்லை, தண்ணீர் அளவாக விழுகிறது, குளிர் மட்டும் எலும்பைத் தொடும். கையில் தின்பண்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் பையோடு கொண்டுபோய்விடும். நான் ஒன்பது மணிவரை ஈரத் தலையோடு பாறையில் உட்கார்ந்து, சாந்தா இந்த ஊரில் இருந்தால், நானும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்குக் கம்பம் திரும்பி நேராகக் கடைவீதியில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். ஒரு மிஷின்கூட ஓடவில்லை. ஐந்தாறு பெண்கள் விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியத்துக்கு எதிரே பெஞ்சியில், அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி. வாழை மண்டி வைத்திருப்பவர், தெருக்கோடியில் குடியிருக்கிறார். முந்தின நாள் சறுக்கில் நின்று என்னிடம் நலம் விசாரித்தவர்தான்.

"நான் மண்டிக்குப் போகையில சத்தங் கேக்கப் போயித் தெறந்துவிட்டேன் பாப்பா. ஏழே முக்கால். இல்லாட்டி? யாரு போட்டாகன்னும் சொல்ல மாட்டேங்குற. களவாணிப் பயக வேணும்னே போட்டிருந்தா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஊரு என்னையத்தேன் கேக்கும். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்கே போயிரு. நல்லதுக்குத்தேன் சொல்றேன். கர்த்தர் சாட்சியாச் சொல்றேன், எம் மகளா இருந்தாலும் இதத்தேன் சொல்லுவேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று புரிய. பாக்கியத்தின் வாசலில், இரண்டடி உயரத்தில் இருந்த வெளித் தாழ்ப்பாளை, நான் குனிந்து போட்டிருக்கிறேன். குனிந்தது இப்போது ஞாபகம் வந்தது. மதுரையில் பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்குக் கிளம்பும்போது செய்கிற காரியத்தை, குனிந்தாவது செய்துவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அன்று ஆறரை மணி வகுப்பு திறக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கியிருந்தது. இரண்டு பேர் குளிரில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். ஜீப்புகள் போன பிறகு அந்தத் தெருவில் ஆள் இருப்பதில்லை. இவ்வளவுக்கும் என் பெயரை அண்ணாச்சியிடம் அவள் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? டீச்சரம்மா, நீங்க எதுக்கு?"

"வீட்டில் தங்கையை வைத்துப் பூட்டிவிட்டு வருவேன். அந்தப் பழக்கம்."

சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு பெண் மிஷின் உருளையைத் திருகிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

பாக்கியம்தான் பேசினாள். "கேட்டீகளா அண்ணாச்சி? பதினோரு வருசம் தனியா இருந்தேன், ஒருத்தரும் பூட்டல. தொணைக்கு ஒரு ஆளு வந்து தங்குன அன்னைக்குத்தேன் பூட்டு விழுந்துச்சு. இப்ப என்னையத் தொணைக்கு ஆளு இருக்குற வீட்டுக்குப் போகச் சொல்றீக."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அந்த வெளித் தாழ்ப்பாளக் கழட்டிப்புடுறேன்."

"கழட்டிட்டா நான் வெளிய போகையில எதப் பூட்டுறதாம்? அது இருக்கட்டும். நாந்தேன் போடணும், அம்புட்டுத்தேன்." பிறகு பெண்களைப் பார்த்து, "என்னாங்கடி வேடிக்கை? அடிங்க. போன ஒரு மணி நேரத்தையும் சேத்து அடிங்க" என்றாள். ஆறு மிஷினும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில்தான் என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது.

அண்ணாச்சி போகும்போது, பக்கத்துப் பகுதியின் தாழ்ப்பாளையும் இறக்கி வைக்கணுமா என்று அவளைக் கேட்டார். "வரப்போறவ கை எம்புட்டு எட்டும்னு அவளையத்தேன் கேக்கணும்" என்றாள் பாக்கியம். மத்தியானச் சாப்பாட்டின்போது நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "ரசம் ஊத்திக்கங்க அக்கா" என்றாள்.

மாலை 3.20க்குக் கம்பத்தில் ஏறி, இரவு ஏழரைக்கு மதுரை. நடக்க முடியாதவர்களோடு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயிலில் வருவதானால் மதுரை–போடி வண்டி தேனியில் நிற்கும். மெதுவாகப் போனாலும் பேருந்தைவிட இடம் தாராளம், ஆனால் படி உயரம். பேருந்தில் முன்படியை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள், கண்டக்டர்கள் கொடுக்கிறார்கள். குதிரை வண்டிப் படி தாழ்வானது, கம்பத்துக்குள் அதுவே வசதி. விடுதியில் கீழ்த்தளம் என்று மட்டும் கேட்டால் போதாது, குளியலறைத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அருவிப் பாறைக்கு உதவி தேவைப்படும், அங்கே ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் எங்கே, எப்படித் தூக்க வேண்டும் என்று அவர்களிடம் நீங்கள் சொல்லாதீர்கள். உங்களோடு வந்தவர் சொல்லட்டும்.

அன்று இரவு சாந்தா எல்லாவற்றையும் கேட்டாள். திராட்சைப் பந்தல், சறுக்கு, முருகன் வாங்கிய ஏச்சு. வயிறு வலிக்கச் சிரித்தாள். தாழ்ப்பாள் விஷயத்தையும் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ என்ன நினைக்கிற?" என்றாள். "நீ போ" என்றேன். அவள் முகம் மலர்ந்து, உடனே கொஞ்சம் வாடியது. "நீ?" என்றாள். "பார்க்கலாம், தூங்கு" என்று விளக்கை அணைத்தேன்.

பள்ளி திறக்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மாற்றல் விண்ணப்பம் கைப்பையில்தான் கிடக்கிறது, சுருளித் தண்ணீர் பட்டு ஓரம் நொய்ந்துபோய். அதைத் தலைமையாசிரியையிடம் கொடுக்கப் போவதில்லை. சாந்தாவைக் கம்பத்தில் கொண்டுபோய் விடவும் போவதில்லை. மதுரை நிலையத்தில் அவளே கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லி ஏறட்டும். நான் கீழே நிற்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தனியாக இருக்கப் பழக வேண்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சாந்தாவிடம்கூட.