அஞ்சலை கையில் மூடாத கோலம்

மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் முடிந்து சுட்டால் ஒரு வாசனை வரும். கசப்பும் கருகலுமாக மூக்கில் ஏறி அன்று முழுக்க இறங்காது. அறுவடை முடிந்த கையோடு எங்கள் மண்ணூர் ஏரிக்கரையில் பச்சை குத்துகிற முனியம்மா கூடாரம் போட்டுவிட்டாள் என்று அந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவோம். அந்தக் கரியைத் தண்ணீரில் குழைத்து, ஊசியால் தொட்டுத் தொட்டு முழங்கைக்குக் கீழே புள்ளி வைப்பாள், பிறகு புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைப்பாள். வாசலில் போடுகிற கோலம் மாதிரியே, புறப்பட்ட இடத்துக்குக் கோடு வந்து சேர வேண்டும். "செத்தா நகையெல்லாம் கழட்டிக்குவாங்க, இதை எவன் கழட்டுவான்" என்பாள் எங்கள் அம்மா.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குத்திக்கொண்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். அதே கோலத்துக்குக் கை நீட்டிய என் தங்கை அஞ்சலை அப்படியில்லை, கோடு பாதி வளைவதற்குள் ஊரைக் கூட்டிவிட்டாள். "ஏன்டி, நாளைக்கு மாமியா கிள்ளுனா இன்னா பண்ணுவ?" என்று முனியம்மா கேட்க, "அவளையும் ஊசியால குத்துவேன்" என்று இவள் கத்த, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். "சரி தாயி, மீதிக்கு நாளைக்கு இட்டுக்கினு வா" என்று அம்மாவிடம் சொல்லி முனியம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அஞ்சலைக்கு உடம்பு கொதித்தது. ஊசியால் வந்ததில்லை, அந்த வருஷம் ஊரெல்லாம் அம்மை. முகத்திலும் மார்பிலும் கையிலும் முத்து போட்டது. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது, இனி வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, தாளிக்கக்கூடாது, அழக்கூடாது. அம்மாவுக்கோ வேறு பயம். வாசல் கோலத்தையே பாதியில் விட்டு எழுந்திருக்க மாட்டாள். பெற்ற பிள்ளையின் கையில் கோடு வாய் பிளந்து கிடக்கிறதே, அந்த வழியாக உயிர் போய்விடுமோ என்று பதைத்தாள். ஏரிக்கரைக்கு ஓடி, தூர நின்றே, "வந்து மூடிட்டுப் போ, உன் காலைப் புடிக்கிறேன்" என்று கெஞ்சினாள்.

முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா எறங்கிக் கீற ஒடம்புமா. அவளே குத்திக்கினு கீறா, அது மேல நான் இன்னாத்தக் குத்துறது? கொழந்தைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துங்க, அன்னிக்கே ஓடியாறேன்."

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை. அஞ்சலையைத் தூக்குவதற்கு முன், அம்மா மை டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் மையைத் தொட்டு மீதிக் கோட்டை இழுக்கப் பார்த்தாள். எது முனியம்மா வைத்த புள்ளி, எது ஆத்தா போட்ட முத்து என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். "வுடுடி, போதும்" என்றார் அப்பா. "இருங்க, வந்துடும், வந்துடும்" என்றாள். கோடு வந்து சேரவேயில்லை. அப்பா அந்தக் கையை எடுத்துத் துணிக்குள் வைத்து மூடினார்.

அவளைப் புதைத்த மேடு இப்போது ஒரு கம்பெனி மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அதன் மேல் பஸ்கள் வந்து திரும்புகின்றன. ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிற என் பேத்தி போன மாதம் படப்பையில் மெஷின் வைத்துக் கையில் ஒரு பறவை குத்திக்கொண்டு வந்தாள். என் சுருங்கிப்போன கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "உன் தங்கச்சிக்கு எதுவரைக்கும் போட்டாங்க ஆயா?" என்று கேட்டாள். காட்டலாம் என்று விரலை என் கோலத்தின் மேல் வைத்தேன். எந்த வளைவில் நின்றது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும், முனியம்மாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் போய்விட்டார்கள். பேத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் விரலை எடுத்துக்கொண்டேன்.