கை நனைக்காத பந்தியில் அஞ்சலை அக்கா

அஞ்சலை அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குருண் சந்தைக்குப் போய்வந்த என் மகன், "அம்மா, பாலிங்ல அஞ்சல பெரியம்மா தவறிட்டாங்களாம்" என்று வாசலில் நின்றபடியே சொன்னான். கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டேன். தட்டில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்று, கை கழுவி, அதற்குப் பிறகுதான் அழுதேன். மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்தில் வளர்ந்தவர்களுக்குச் சோற்றை விட்டுவிட்டு எழத் தெரியாது.

அக்காவை அறிந்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறீர்கள். எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். துரைசாணிக்குப் பிடித்த பலகாரம் ஒன்று உண்டு, காப்ளர் என்பார்கள். பழத்தைச் சர்க்கரையோடு தட்டில் பரப்பி, மேலே மாவால் மூடி, சூளை அடுப்பில் வேகவைப்பது. காய்கறி போட்டு உறைப்பாகவும் செய்யலாம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் அதற்கு 'மூடி' என்று பெயர். துரை ஓடிப்போன பிறகு ஜப்பான்காரர்கள் லாரியில் வந்து பங்களா அடுப்பையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா மூடி செய்வதை விடவில்லை. மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, மேலேயும் கீழேயும் தணல் போட்டார். மாவுக்கு மரவள்ளி. உள்ளே பப்பாளிக்காயோ பலாப்பிஞ்சோ வாழைப்பழமோ, அன்றைக்குக் கையில் எது இருந்ததோ அது. "அடியில என்ன இருக்குன்னு யாரு கேட்டா? மேல செவந்திருக்கான்னு பாரு" என்பார்.

அவர் கணவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். யாராவது விசாரித்தால், "வருவாரு" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் பேச விடமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் கல்யாணம். வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பெற்றவர்கள் பயந்த காலம். கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை கிடைத்தார். கங்காணி வீட்டில் இரவல் சேலை கிடைத்தது. அரிசி மட்டும் கிடைக்கவில்லை. அப்பா அலையாத இடமில்லை. கடைசியில் அக்கா வீட்டு வாசலில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஊரக் கூட்டி வச்சுக் கெழங்கு போடப் போறேம்மா. மானம் போவுது."

"கெழங்குன்னு ஏண்ணே சொல்றீங்க? இருக்கிறத வச்சு ஒறப்புல ஒண்ணு, இனிப்புல ஒண்ணு செஞ்சு தாரேன். நீங்க எல போடுங்க."

அத்தனை பேருக்குச் செய்யத் தட்டு ஏது? ரப்பர்ப் பாலை உறையவைக்கும் தட்டுகள் ஸ்டோரில் சும்மா கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தோம். கல்யாணப் பெண் என்று யாரும் என்னை உட்காரவைக்கவில்லை, நானும்தான் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் அந்த வாடை முழுதாகப் போகவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பந்தி போட்டார்கள். என்னை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எல்லா இலையிலும் உறைப்பு மூடி சதுரம் சதுரமாக வந்து விழுந்தது. மாமியார் இலையைப் பார்த்தார். குனிந்து மோந்தார்.

"சம்பந்தி, சோறு எங்க?"

அப்பா கையைக் கூப்பினார்.

"ரப்பர்த் தட்டு வாடை அடிக்குது. சோறில்லாத எலையில எங்காளுங்க கை நனைக்க மாட்டாங்க. பொண்ண நீங்களே வச்சுக்குங்க."

கரங்கான்காரர்கள் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. நான் கழுத்தில் தாலியோடு அப்பா வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அக்கா தணலிலிருந்து அப்போதுதான் இறக்கிய இனிப்புத் தட்டோடு நேரே என்னிடம் வந்தார். ஒரு துண்டை எடுத்து என் இலையில் கவிழ்த்து வைத்தார். மாவு அடியில் போய்விட்டது. வாழைப்பழமும் பலாச்சுளையும் பாகோடு வழிந்தன, ஆவி என் முகத்தில் அடித்தது. பந்திக்கென்று கிழங்கையெல்லாம் சேர்த்து வைத்ததில் முந்தின நாளிலிருந்தே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெறும் வயிறு. என் கை எப்போது இலைக்குப் போனதென்று எனக்கே தெரியாது. சுடச்சுட அள்ளித் தின்றேன். பாகு முழங்கை வரை வழிந்தது, அதையும் நக்கினேன். "அடியேய்" என்று அம்மா பல்லைக் கடித்தது காதில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை. இலை காலியான பிறகு நிமிர்ந்தேன். பந்தி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அக்கா, எனக்கும் அதே மாதிரி கவுத்து வைங்க" என்றார். அவர் தின்றார், அவர் தம்பி தின்றான், அப்புறம் வரிசையாக எல்லோரும். கரங்கானில் மட்டும் சோறா பொங்கிக்கொண்டிருந்தார்கள்? அங்கேயும் கிழங்குதான். கடைசியில் மாமியாரும் கை நனைத்தார்.

கல்யாணம் நிலைத்தது. ஆனால் புகுந்த வீட்டில் பல வருஷம் என் பெயர் 'பாகு நக்கி'. வீட்டுக்காரர் இருக்கும்போது சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். யார் வீட்டு விசேஷத்திலும் நான் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

ஜப்பான்காரன் போய், பிள்ளைகள் எல்லாம் பிறந்த பிறகு ஒருமுறை பாலிங்குக்கு அக்காவைப் பார்க்கப் போனபோது கேட்டேவிட்டேன். "என் எலையில மொதல்ல ஏன்க்கா கவுத்து வச்சீங்க?"

"அங்க இருந்தவங்கள்ல நீதான் சின்னப் புள்ள. உன்னால பசி தாங்க முடியாது, நீ தின்னா மத்தவங்களும் கை வைப்பாங்கன்னு தெரியும். வேற வழி தெரியல தங்கச்சி. சபையில உன்ன வெக்கப்பட வச்சிட்டேன்." சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "அந்தப் பஞ்சத்துல அவ்வளவு சக்கர எங்கக்கா கெடச்சுது?" என்று கேட்டேன்.

"கூலா மலாக்கா. பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். உங்க மாமா சயாம்லேருந்து வந்தா மூடி செஞ்சு குடுக்கணும்னு." சிரித்தார். "அவரு எங்க வந்தாரு? நீயாச்சும் தின்னியே."

அவர் திரும்பி வரவே மாட்டார் என்று என் கல்யாணத்தன்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. வருவார் என்று நம்பிக்கொண்டே அந்தத் தென்னைவெல்லம் முழுவதையும் உடைத்துப் போட்டிருக்கிறார்.

அக்காவிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு வாய் இனிப்பு. அது எனக்கென்று வைத்ததில்லை. சயாம் காட்டில் செத்துப்போன ஒரு மனிதருக்கு வைத்ததை நான் முழங்கை வரை நக்கித் தின்றேன். அக்கா சிரித்துக்கொண்டு அதைச் சொன்ன அன்றும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். நன்றாக இருந்தது அக்கா என்று ஒருநாளும் சொன்னதில்லை.