இரண்டாவது பிரேக்

சிக்னலில் சிவப்பு விழுந்த மறுகணம் மாஸ்டரின் வலது ஷூ நுனி மெல்ல மேலே எழும்பும். ஓட்டுவது நான், அவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர். பயிற்சிப் பள்ளியின் கார் என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எனக்கு என் கால் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வருவதற்குள் அவருடைய கால் வேலையை முடித்துவிடும். "பார்த்தீங்களா மேடம், நீங்களே நிறுத்திட்டீங்க" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

நாற்பத்தைந்து வயதில் கார் பழக வந்தவளிடம் இப்படி ஒரு பொய் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். என் சொந்த அண்ணன் இரண்டே நாளில் என்னைக் கைவிட்டுவிட்டு, "உனக்கு ஆட்டோதான் சரி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனவன்.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்து மூன்று. இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பையில் பெப்பர்மின்ட். நடுரோட்டில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்போது ஒன்றை உரித்து என்னிடம் நீட்டுவார். "முதல்ல இதை வாயில போடுங்க. வாயில ஏதாவது இருந்தா பதற்றம் பாதியா குறையும்." அதற்குள் பின்னால் இருப்பவன் என் வம்சத்தையே திட்டி முடித்திருப்பான்.

அவருடைய வலது கால் ஷூ மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கால் ஷூ புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும்போதே வலதின் அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்துவிடும். ஒருமுறை செருப்புக் கடையில், "வலது கால் மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அவரது இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாராம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். என் பாடம் காலையில் என்பதால் சில நாள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு கடை வாசலில் இறங்கிக்கொள்வார். நான் ஓட்டும் வண்டியில் தைரியமாக ஏறிய முதல் மனுஷி அவர்தான். அதனால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

"வீட்டுலயும் இதே கதைதான்க்கா. டிவியில தவணையில வாங்கலாம்னு விளம்பரம் வந்தா போதும், சேர்ல உட்கார்ந்தபடியே காலை டொம்முனு அழுத்துவார். கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்து என்ன சத்தம்னு கேட்டுட்டுப் போனாங்க."

"முன்னாடியே அழுத்தியிருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்றார் மாஸ்டர், சாலையைப் பார்த்துக்கொண்டே.

எதைச் சொல்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில்தான் புரிந்தது. முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. கைப்பிரேக் போட பயந்து, கிளட்சைப் பாதி விட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி, வண்டி முன்னும் போகாமல் பின்னும் சரியாமல் நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. என்னிடம் குரலே உயர்த்தாத மனுஷன் கத்திவிட்டார்.

"ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க மேடம்! வண்டி நிக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க, உள்ளே கிளட்ச் பிளேட்டு தேஞ்சுக்கிட்டு இருக்கு!"

போட்டேன். அவரே ஒரு பெப்பர்மின்டை எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கோச்சுக்காதீங்க. இதைத்தான் நானும் நாலு வருஷம் பண்ணேன். கிரெடிட் கார்டுல."

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கையில் காசு இல்லாமலே ஃபிரிட்ஜ் வந்தது, சோபா வந்தது, மகளுக்கு லேப்டாப் வந்தது. மச்சான் ஒருவர் ஊரிலிருந்து வந்து இறங்கிய நாளில் அவருக்கு வாட்சும் வந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதெல்லாம் அடுத்தவருக்குச் சொல்ல நன்றாக இருக்கிறது. மாதம் பிறந்ததும் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை என்று வங்கி சொன்னதை மட்டும் தவறாமல் கட்டினார். யாரும் போனில் மிரட்டவில்லை, வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. வண்டி நிற்கிறது என்று நம்பிவிட்டார். இருபத்தாறு வருஷமாக மாணவர்களை எதற்காகத் திட்டினாரோ, அதையே சொந்தக் கணக்கில் செய்துகொண்டிருந்தார். கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை.

அதை முதலில் கண்டுபிடித்தது மனைவி. "ஏங்க, கட்டிக்கிட்டேதானே இருக்கோம்? அப்புறம் ஏன் போன வருஷத்தைவிட இந்த வருஷம் கடன் அதிகமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "சோபா கிழிஞ்சு தூக்கிப் போட்டாச்சு மேடம். அதோட கடன் மட்டும் புதுசா உட்கார்ந்திருக்கு. தேய்ச்சது என்னமோ கார்டு, தேஞ்சது நானு."

அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்துவிட்டது. சேமிப்பு இருந்தால் ஐம்பத்தைந்தில் நிறுத்திக்கொள்ளலாம். கடன் இருந்தால் அறுபது வரை அழுத்தியாக வேண்டும். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் ஓட்டும்போது குப்பைத் தொட்டி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. மாஸ்டர் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தொட்டிதான் நசுங்கியது.

"அந்த இடத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா?" என்றார் என்னிடம். "அவங்க தப்பு பண்ணுவாங்க மேடம், பழக வந்தவங்க. என் காலை நம்பித்தானே அவங்களை ரோட்டுல விடுறேன். கால் லேட் பண்ண ஆரம்பிச்சா நான் அந்த சீட்டுல உட்காரக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும் சாலை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. பிரேக்கை அவரே அழுத்தினார்.

கடனை முடித்துவிட்டு அந்த சீட்டை விட்டு இறங்கவேண்டும் என்ற அவருடைய அவசரம் அன்றிலிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. கார்டை மனைவி கடையின் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். விடிகாலையில் ஒரு பாடம், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பாடம் என்று மாஸ்டர் கூடுதலாக எடுத்தார். மச்சான் மறுபடி வந்தபோது அவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். "இனிமே வர மாட்டான்னு நினைச்சேன். வந்தான். நல்லவன்தான் போல" என்று மாஸ்டர் ஆச்சரியப்பட்டார்.

ஓய்வு பெற்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தோட்டம், பேரப்பிள்ளை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சும்மா வண்டியில போகணும் மேடம். வேற யாராவது ஓட்டணும். எனக்கு பிரேக் இருக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கணும். இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து நேரா மட்டும்தான் பார்த்திருக்கேன்."

நான் உரிமம் வாங்கி, ஒரு பழைய காரும் வாங்கி ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில் கடன் முடிந்தது. கார்டை மூடுவதற்கு வங்கிக்குப் போகவேண்டும். மனைவி எனக்குப் போன் செய்தார். "நீங்க கூடப் போங்கக்கா. தனியா விட்டா இன்னொரு கார்டோட வந்து நிப்பார்."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. வங்கிப் பெண் கணினியைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்கு சார் மூடுறீங்க? உங்களை மாதிரி ஒழுங்கா கட்டுறவங்களுக்கு லிமிட்டை ரெண்டு மடங்கா ஏத்தித் தர்றோம்." மேசைக்கு அடியில் டொம்மென்று ஒரு சத்தம். அவள் பயந்து குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, பழக்க தோஷம். நீங்க அதை வெட்டிடுங்க" என்றார் மாஸ்டர்.

வெளியே வந்து என் காரில் ஏறினோம். "இனிமே அதே தொகை எங்க கணக்குக்குப் போகும். கட்டுற கைக்குப் பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல? ரெண்டு வருஷம் இப்படியே போனா போதும், நிறுத்திக்கலாம்" என்றார். முதல் சிக்னலில் அவருடைய ஷூ என் கார் மிதியடியை ஓங்கி அழுத்தியது.

"அங்க ஒண்ணும் இல்லை மாஸ்டர்."

"எனக்குத் தெரியும் மேடம். காலுக்குத் தெரியலை."

பாலத்து ஏற்றத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்றன. பின்னால் முகர்ந்து பார்க்கும் தூரத்தில் ஒரு லாரி. கைப்பிரேக்கைப் போட்டேன். வண்டி அசையவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், கண்ணாடியில் லாரியைப் பார்த்தார். பிறகு முட்டி வலிக்க, இரண்டு கைகளாலும் வலது காலைத் தூக்கி, அடி தேய்ந்த ஷூவோடு இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.