‘நோ’ என்றால் செய்தி இல்லை

அந்தக் கோடையில் நான் ரெலிபோனுக்குக் கீழேதான் படுத்தேன். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், ஓர் உயர்ந்த கட்டடத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். குசினிச் சுவரில் மாட்டியிருந்த ரெலிபோன் அடித்தால் எழும்பாமலே எட்டி எடுக்கும்படி பாயை அங்கே விரித்திருந்தேன். தம்பி பாங்கொக்கிலிருந்து வெளிக்கிட்டுவிட்டான் என்று, அவனைக் களவாகக் கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்ற் சொல்லி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அதற்குப் பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏஜென்ற்றின் நம்பரும் வேலை செய்யவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். ஊரில் இருக்கிற அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு கடிதம் எழுதுவிப்பா. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் படித்தவனுக்குத் தெரிந்துவிடும் என்பது அவவின் நம்பிக்கை. “தம்பி எங்கே நிற்கிறான் என்று உடனே எழுது” என்றுதான் எழுதுவித்திருந்தா. உனக்குத் தெரியுமா என்று கேட்கவேயில்லை. அந்த ஒரு வரிக்கு மறுமொழி எழுத முடியாமல் நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன்.

எங்களில் மூத்தவரை அண்ணை என்போம். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் பக்ரறியில் அவருக்கு வேலை. கோடை விடுமுறைக்குப் பக்ரறியைப் பூட்டியபோது, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு கூடாரத்தை இரவல் கொடுத்து, வடக்கே ஏரிக்கரையில் போய்ப் படுத்து எழும்பு என்று சொல்லியிருந்தான்.

“நீயும் வாறாய்,” என்றார் அண்ணை. “உப்பிடியே நடந்துகொண்டு திரிஞ்சியெண்டா கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிப்பான்.”

“கோல் வந்தா?”

“கோலை எடுக்க இஞ்ச ஆள் இருக்கு,” என்று மட்டக்களப்பாரைக் காட்டினார். மட்டக்களப்பார் எங்களில் நான்காவது ஆள். பின்னேரங்களில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை அவருக்கு. சனி ஞாயிறு வீட்டில்தான் இருப்பார்.

“நான் பாக்காத காடா? நீ போயிற்று வா மனே. நான் போனுக்குக் காவல் இருக்கன்,” என்றார் அவர்.

ஏற்பாடு அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். நான் வழியில் எங்காவது ஒரு போன் பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கலெக்ற் கோல் எடுப்பேன். ஒப்பறேற்றர் பெண் என் பேரைச் சொல்லி, இந்தக் கோலுக்கான காசை நீங்கள் கட்டுகிறீர்களா என்று வீட்டில் கேட்பாள். தம்பியைப் பற்றிச் செய்தி இல்லையென்றால் மட்டக்களப்பார் ‘நோ’ என்று சொல்லி வைத்துவிடவேண்டும். செய்தி இருந்தால் மட்டும் ‘யெஸ்’. அவர் சொல்வது எனக்குக் கேட்கும். ஒருவருக்கும் ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது ஆள், ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற என் வயதுக்காரன். வீட்டில் அவன்தான் எங்கள் சமையல்காரன். புட்டுக்குழல், தேங்காய் துருவும் திருவலை, அரைத்த தூள், அஜின்கோர்ட் கடையொன்றில் வாங்கிய கருவாட்டுப் பொதி எல்லாவற்றையும் காருக்குள் ஏற்றினான். அண்ணை கருவாட்டை மோந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

“டேய், உது என்ர சீற்றில ஊறினா வாழ்நாளுக்கும் போகாது.”

“மூண்டு பிளாஸ்ரிக் பையில சுத்தியிருக்கு அண்ணை. கருவாடில்லாமல் காட்டுக்குள்ள என்னத்தைத் தின்னுறது? இலையையோ?”

வழியில் டோனட் கடையில் நிறுத்தினோம். அவர்கள் கோப்பி வாங்குவதற்குள் நான் போன் பெட்டிக்கு ஓடினேன். “நோ,” என்றார் மட்டக்களப்பார். பெற்றோல் போட்ட இடத்திலும் எடுத்தேன். “நோ.” மூன்றாவது இடம் ஒரு சிறு ஊரின் மரக்கடை வாசல். அங்கேயும் “நோ” என்று சொல்லி வைத்தார். ஒவ்வொரு ‘நோ’வுக்கும் பிறகு ஒரு நிமிஷம் நெஞ்சு ஆறும். கெட்ட செய்தியும் இல்லைத்தானே. கார் புறப்பட்டதும் பழையபடி பதைப்புத் தொடங்கிவிடும். ரோட்டின் இரண்டு பக்கமும் மரம், பாறை, தண்ணீர், மறுபடி மரம். சமையல்காரன் ஒரு சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்ற பெரிய மூஸ் மானைக் காட்டி “மாடு! மாடு!” என்று கத்தினான். அண்ணை காரை ஓரங்கட்டி இறங்கி நின்று பார்த்தார். அது தலையைத் தூக்கி, வாயில் நீர்க்கொடி தொங்க, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. எனக்கு அங்கே நிற்கிற நேரமெல்லாம் வீணாகப் போகிற நேரமாகத் தெரிந்தது.

முகாமிடத்தில் பக்கத்து இடத்தில் ஒரு கிழவரும் மனைவியும் சிறிய ட்ரெயிலர் வண்டியோடு தங்கியிருந்தார்கள். அந்தப் பகுதி ஊர்க்காரர். கிழவர் மரம் அரியும் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கூடாரத்தைத் தலைகீழாகக் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து கம்பிகளைக் கழற்றி நேராகப் பூட்டித் தந்தார். மனைவி ஏரியில் அன்று பிடித்த மீனில் இரண்டைக் கொண்டுவந்து தந்தா. சமையல்காரன் அந்த மீனைத் தேங்காய்ப்பாலும் தூளும் போட்டுக் குழம்பாக்கி, புட்டோடு அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தான். கிழவருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. ஆனாலும் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டார்.

“சிவத்துப்போனார், ஆனா விடுறாரில்லை,” என்றான் சமையல்காரன், பெருமை தாங்காமல்.

வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகையை நான்தான் வாசித்துச் சொல்லியிருந்தேன். கரடி வரும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது, காருக்குள் பூட்டவேண்டும். மிச்சமெல்லாம் காருக்குள் போனது. கருவாட்டை மட்டும் அண்ணை விடவில்லை.

“அரிசியை வை, தேங்காயை வை. உதை வைச்சா நான் நடந்துதான் ஸ்காபரோ போகவேணும்.”

கடைசியில் கருவாட்டுப் பொதியைக் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். எட்டிக் கட்டினார்கள், கைக்கு எட்டிய உயரம் அவ்வளவுதான். நான் தடுக்கவில்லை. என் எண்ணமெல்லாம் பின்னேரக் கோலில் இருந்தது. போன் பெட்டி முகாமிடத்தின் கடை வாசலில், மரங்களுக்கிடையில் போகிற மண்பாதையின் முடிவில் இருந்தது.

இருட்டுவதற்கு முன்னமே போய் எடுத்தேன். ஒப்பறேற்றர் என் பேரைச் சொல்லிக் கேட்டாள். பிறகு மட்டக்களப்பாரின் குரல் கேட்டது. “யெஸ். யெஸ், யெஸ்.”

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“எங்க நிக்கிறான்? சொல்லுங்கோ!”

“ஆரு மனே?”

“தம்பி!”

“தம்பிட்ட இருந்து ஒண்டும் வரல்ல. நீங்க சாப்பிட்டீங்களா? கரடி கிரடி பாத்தீங்களா?”

“பிறகேன் யெஸ் சொன்னனீங்கள்?”

“அந்தப் பொம்புள உன்ட பேரச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தரமும் எவ்வளவு மரியாதையாக் கேக்காள். எத்தின தரம் நோ எண்டு முகத்தில அடிக்கிற? வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவன ஆரெண்டு தெரியா எண்டு சொல்ற மாதிரிக் கிடக்கு. எனக்கு வெக்கமாப் போயிற்று.”

நான் அவரைத் திட்டவில்லை. இனிச் செய்தி வந்தால் ஒழிய ‘யெஸ்’ சொல்லக்கூடாது என்று கெஞ்சினேன். “சத்தியமாச் சொல்லமாட்டன்,” என்றார். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய ‘யெஸ்’ஸை இனி நம்ப முடியாது. மனம் இரங்கினால் அவர் சொல்லிவிடுவார்.

அன்றிரவு ஏரியில் லூன் என்கிற நீர்ப்பறவை கூவியது. யாரோ தூரத்தில் நின்று ஆளைக் கூப்பிடுவது போன்ற நீண்ட குரல். கிழவர் அதைக் கேட்கத்தான் ஒவ்வொரு வருஷமும் வருவதாகச் சொன்னார். அண்ணையும் சமையல்காரனும் அசையாமல் இருந்து கேட்டார்கள். எனக்கு அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்றிருந்தது.

விடிந்ததும் மற்றவர்கள் எழும்ப முன் போனுக்குப் புறப்பட்டேன். கூடார வாசலின் ஸிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் மண்பாதையின் நடுவில் கரடி இருந்தது. கரிய, பெரிய நாயைவிடக் கொஞ்சம் பெரிய கரடி. எங்கள் கருவாட்டுப் பொதியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, மூன்று பிளாஸ்ரிக் பையையும் கிழித்து, ஒவ்வொரு துண்டாகத் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

“அண்ணை,” என்றேன் மெதுவாக. “கரடி.”

“எங்க?”

“எங்கட கருவாட்டோட.”

சமையல்காரன் அண்ணையின் மேலால் ஏறி எட்டிப் பார்த்தான். “ஐயோ, அது பாரைமீன்! நல்ல பாரைத் துண்டடா!” என்றான். அவன் குரலில் பயம் இல்லை, துக்கம்தான்.

நான் வெளியே வந்து நின்றேன். பாதைக்கு அந்தப் பக்கம் போன் பெட்டி. இடையில் அது. சுற்றிப் போகலாமா என்று மரங்களுக்குள் இரண்டடி வைத்தேன். கரடி தின்பதை நிறுத்தி என்னைப் பார்த்தது. ட்ரெயிலர் கதவு திறந்தது. கிழவர் கோட்டோடு வந்து, ஓடாதே, அப்படியே பின்வாங்கு என்று சொன்னார். மனைவி உள்ளே இருந்து ஒரு சட்டியும் அகப்பையும் கொடுத்தா. அவர் அதைத் தட்டினார். சமையல்காரன் புட்டுக்குழலை எடுத்துத் தட்டினான். கரடி எழும்பியது. மிச்சப் பையை வாயில் கவ்விக்கொண்டு பாதையோடு, கடைப் பக்கமாகவே, மெல்ல நடந்தது.

“போன் எடுக்கப் போகுதாக்கும்,” என்றார் அண்ணை. நான் சிரிக்கவில்லை.

அது போகட்டும், ஒரு மணித்தியாலம் பொறு என்றார் கிழவர். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன்: தம்பி, ஏஜென்ற், பாங்கொக், அம்மாவின் கடிதம். அதுவரை ஒருவருக்கும் முதலிலிருந்து கடைசிவரை நான் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எல்லார் வீட்டிலும் அதே கதைதான். அவர் முழுவதையும் கேட்டார். உள்ளே போய்த் தன் ட்ரக்கின் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

ட்ரக்கில் போகும்போது கரடி பாதையோரம் விலகி நின்று எங்களுக்கு வழிவிட்டது. அவர் ட்ரக்கைப் போன் பெட்டிக்கு முட்டுகிற மாதிரிக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல் இருந்தார்.

ஒப்பறேற்றர் கேட்டாள். மட்டக்களப்பார் உடனே, “யெஸ்,” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சத்தியம் பண்ணினியள்தானே. பிறகும் வெக்கமோ?”

மறுபக்கம் அவர் அழுதார். நடுத்தர வயது மனிதர், பெரிய குரலில் பேசுகிறவர், அழுதார்.

“வெக்கம் இல்ல மனே. அவன் கதைச்சான். உன்ட தம்பி. இப்பதான், விடியக்காலம். ஜெர்மனியில நிக்கானாம். உசிரோட நிக்கானாம். பின்னேரம் திரும்ப எடுப்பானாம், நீ வந்திரு.”

கனடாவுக்கென்று புறப்பட்டவன் ஜெர்மனியில் நிற்கிறான். கிழவர் ட்ரக்கின் கண்ணாடியைக் கீழே இறக்கி, நல்ல செய்தியா என்று கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுத் தலையையும் ஆட்டினேன்.

இன்னொரு நாளுக்கும் காசு கட்டியிருந்தோம். ஆனாலும் அண்ணை உடனே கூடாரத்தைக் கழற்றினார். கிழவரின் மனைவி மீன் இரண்டை ஐசில் சுற்றித் தந்தா. பின்னேரத்துக்கு முன் மல்வேர்னுக்கு வந்துவிட்டோம். நான் சப்பாத்தைக் கழற்றாமல் ரெலிபோனுக்குக் கீழே இருந்தேன்.

அடித்தது. தம்பியின் குரல் தடித்திருந்தது.

“அண்ணை, எங்க போனனீ?”

“காம்பிங்.”

“அதென்ன?”

“காட்டுக்குள்ள ரென்ற் அடிச்சுப் படுக்கிறது. சும்மா.”

அவன் சிரித்தான். இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. “நாங்களும் ஜெர்மன் போடருக்குப் பக்கத்தில காட்டுக்குள்ளதான் படுத்தம். ரென்ற் இல்லை. பகல்ல படுக்கிறது, இருட்டினாப் பிறகு நடக்கிறது. எங்களோட வந்த ஒருத்தருக்குக் கால் ஏலாமல் போச்சு.”

“அவர் எங்க?”

“தெரியாது.” பிறகு, “அம்மாவுக்கு நான் கனடா வந்திட்டன் எண்டு எழுது. உன்னோட நிக்கிறன் எண்டா நித்திரை கொள்ளுவா,” என்றான்.

“பொய் எழுதேலாது.”

“அப்ப எப்ப வருவன் எண்டு எழுதப்போறாய்?”

அதற்குள் அவனுடைய காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது. குசினியில் சமையல்காரன் மீனை வெட்டிக்கொண்டிருந்தான். மட்டக்களப்பார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த ஊரில் நிற்கிறான், எங்கே படுக்கிறான், இனி எப்போது எடுப்பான், ஒன்றையும் நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று முதலாளிக்குச் சொல்லக்கூட அந்த ரெலிபோனை நான் தொடவில்லை. லைன் பிஸியாக இருக்கிற நேரம் அவன் எடுத்துவிட்டால்?