கேட்டவை என்று ஒரு தட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. கூட்டம் மூன்று மணிக்கு என்றால் இரண்டரைக்கே போய்க் கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டு, வாசலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன். மூன்று ஐந்துக்கு ஒருவர் வந்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். என்னோடு வேலை செய்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று இப்போது யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது.

கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் பின்பக்க வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய கதைகளையும், எழுதியவர்களே மனமுவந்து தந்த புத்தகங்களையும் நாங்கள் குரலில் பதிந்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் போட்டுவந்தோம். இணையப் பக்கத்தைச் செய்தவர் வவுனியாவில் கணினி வகுப்பு எடுப்பவர். வாசிப்பில் பெரும் பங்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் ஒருவருடையது. மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு இறங்கிவந்த குடும்பம் அவருடையது. அவர் வாசித்தால் சண்டைக் காட்சிகூடத் தாலாட்டுப் போல இருக்கும். மூன்றாவது ஆள் நான். நானும் வாசிப்பேன். அதைவிடக் கூடுதலாக மற்றவர்களை விரட்டுவேன்.

எங்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஒருவர் ஒரு கதையைப் பாதியில் விட்டால் அடுத்த நாள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. என்ன கேட்டோம், எதைக் கேட்க இருந்தோம் என்பதும் பக்கத்தில் நிற்காது. ஆளுக்கொரு புத்தக அலுமாரியை இணையத்திலேயே வைத்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அதற்கு ‘என் அலுமாரி’ என்று பெயரும் வைத்தோம்.

அதை நான் அவசரப்படுத்தியதற்கு ஒருவர் காரணம். கண் சிகிச்சை நிலையமொன்றில் எங்கள் இணையப் பக்கத்தைப் பற்றிய துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போயிருந்தபோது அவரைச் சந்தித்தேன். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். ஐம்பது வயது இருக்கும். நீரிழிவு என்ற சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றுகொண்டிருந்தது. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால், ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார்.

“கோயில் வாசிகசாலையில கிழமைக்கு ரெண்டு புத்தகம் எடுக்கிற ஆள் நான். இப்ப மூண்டு வருசமா ஒரு கதையும் இல்லை. இருக்கிற வெளிச்சமும் எப்ப போகுமெண்டு தெரியாது பிள்ளை. அதுக்கு முதல் உந்தப் பக்கத்தைப் பழகிப்போட வேணும்” என்றார்.

“பேரைப் பதிஞ்சிருக்கிறன் அக்கா, வரும்” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த ஆளிடம் ஓடினேன்.

அடுத்த ஞாயிறு கரும்பலகையில் சோக்கட்டியால் மூன்று தட்டுகள் வரைந்தோம். வவுனியாக்காரர் நிதானமாக எழுதினார்: ‘இனிக் கேட்க வேண்டியவை’, ‘கேட்டுக்கொண்டிருப்பவை’, ‘கேட்டு முடித்தவை’. நான் அழிப்பானை எடுத்தேன். பார்வை குறைந்தவர்கள் இவ்வளவு நீளத்தை எப்படி வாசிப்பது? ஒரு தட்டுக்கு ஒரு சொல், அவ்வளவுதான். அழித்துவிட்டு நானே எழுதினேன்: ‘கேட்க’, ‘பாதி’, ‘கேட்டவை’.

வயல்காரர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டவையோ? ஆர் கேட்டவை? என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே!”

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ‘அவர்கள் கேட்டார்கள்’ என்றும் அர்த்தம் உண்டு. வவுனியாக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கோ மூக்குநுனியில் கோபம். வேலை செய்ய வந்தோமா, பகிடி விட வந்தோமா என்று கத்தினேன். சிரிப்பு அடங்கியது. அந்தச் சொல்லைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

சோதனைக்கு ஐந்து பேரைத் தெரிந்தெடுத்தோம். முதல் பெயர் அந்த அக்காவுடையது. அவருக்குத் தொலைபேசியில் இரண்டே நிமிடத்தில் விளக்கம் சொன்னேன். ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழும் மூன்று சொற்கள் இருக்கும், பொருத்தமானதை அமத்துங்கோ என்றேன். கேட்கத் தொடங்குவதற்கு அழுத்த வேண்டிய சின்ன முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

ஆறு கிழமை போனது. மற்ற நாலு பேருடைய அலுமாரியும் ஒழுங்காக நிறைந்துகொண்டிருந்தது. அக்காவுடைய ‘கேட்டவை’த் தட்டில் மட்டும் பதினொரு புத்தகங்கள். கேட்ட நேரம் என்ற இடத்தில் பூச்சியம். வவுனியாக்காரர் தன்னுடைய கணக்கில்தான் பிழை என்று மூன்று ஞாயிறு தலையைப் பிய்த்துக்கொண்டார். நானும் அவரை விடவில்லை. இன்னும் முடியவில்லையா, இன்னும் முடியவில்லையா என்று அவர் கதிரைக்குப் பின்னால் நின்று அரித்தெடுத்தேன். கடைசியில் அவர் கைகளை விரித்தார். பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். கரைப் பக்கம், குரல் விட்டு விட்டு வந்தது.

“அக்கா, பதினொரு புத்தகமும் கேட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை, எல்லாம் கேட்டனான்.”

அதோடு இணைப்பு அறுந்தது. திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிமிடம்கூடக் கேட்காமல் எல்லாம் கேட்டேன் என்று வாய் கூசாமல் சொல்கிறாரே என்று ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பதினொன்றில் நாலு நான் வாசித்தவை. தொண்டை கட்டிக் கட்டி வாசித்தவை. அந்த ஞாயிறு அக்காவின் பெயரைச் சோதனைப் பட்டியலிலிருந்து வெட்டி, அவருடைய பக்கத்தையும் மூடி, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தேன். “ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வெட்டலாமே” என்றார் வயல்காரர். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

ஆனால் விழுந்ததுதான். அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்தபடி அக்காவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். சனிக்கிழமை காலை முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறிவிட்டேன். நியாயம் கேட்கப் போகவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். பரந்தனில் திரும்பிய இடத்திலிருந்து புதுக்குடியிருப்புத் தாண்டும் வரை சொல்ல வேண்டியவற்றை ஒத்திகை பார்த்தேன். மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை வீணாக்கிவிட்டீர்கள் என்பது முதல் வசனம்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. அக்கா விறாந்தையில் கிழிந்த வலையை மடியில் பரப்பி வைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். விரலால் ஓட்டையைத் தேடித் தேடி ஊசியைக் கோத்தார். கணவர் கடலுக்குப் போயிருந்தார். என் குரலைக் கேட்டதும் அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது.

“வந்திட்டுதோ பிள்ளை?”

“என்ன அக்கா?”

“புத்தகங்கள்.”

ஒத்திகை பார்த்த முதல் வசனத்தை விட்டுவிட்டேன். நீங்கள் எல்லாம் கேட்டதாகச் சொன்னீர்களே என்று மட்டும் கேட்டேன்.

“ஓமோம், கேட்டனான். ‘கேட்க’ எண்டு ஒண்டு கிடந்தது. புத்தகம் கேக்கிறதுக்கு அதுதானே எண்டு அமத்தினன். பிறகு, கேட்டாச்சுத்தானே எண்டு ‘கேட்டவை’யில கொண்டுபோய்ப் போட்டன். பதினொண்டு கேட்டது கூடிப்போச்சோ? ரெண்டைத் தந்தாலும் காணும்.”

அவர் வலையை ஒதுக்கி வைத்தார்.

“சுணங்கும் எண்டு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பதிஞ்சு எத்தினை வருசம் இருந்தனாங்கள். மலசலகூடத்துக்குப் பதிஞ்சனாங்கள், வலைக்குப் பதிஞ்சனாங்கள். கேட்டுப் போட்டுப் பேசாமல் இருக்க வேணும். அடிக்கடி போய் ஆக்கினை குடுத்தால் அலுவலகத்தில இருக்கிறவைக்கும் கோவம் வரும். அதுதான் உங்களுக்கு நான் போன் எடுக்கேல்லை.”

இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகியது அது. படிவம், பதிவு, ‘வரும்’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை எந்த அலுவலரும் தோற்கும்படி அவ்வளவு இலகுவாக நானும் சொல்லியிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“கைபேசியை ஒருக்காத் தாங்கோ அக்கா. எந்தச் சொல்லைச் சொல்லுறியள், காட்டுங்கோ.”

அவர் கைபேசியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். அப்பால் நகர்த்தினார். தலையைச் சரித்துத் திரும்பவும் பிடித்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

“போன மாதம் வரைக்கும் தெரிஞ்சது பிள்ளை. இப்ப அதுவும் இல்லை.”

நாங்கள் பூச்சியம் என்று கணக்கெடுத்த அந்த முதல் ஆறு கிழமைதான் அவருக்கு மிச்சமிருந்த வெளிச்சம். அதில் அவர் பதினொரு புத்தகத்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடி வாசித்து, ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, எங்களைத் தொந்தரவு செய்யாமல் காத்திருந்திருக்கிறார். கைபேசியில் அவருடைய பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நான்தானே மூடியிருந்தேன்.

“அக்கா, நான் உங்கட பேரை வெட்டிப்போட்டன்.”

சொல்லும்போதே அழுகை வந்தது. அக்காவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“வெட்டினால் திரும்பப் பதியலாமோ?” என்று கேட்டார்.

வவுனியாக்காரருக்கு அழைப்பு எடுத்தேன். வகுப்பின் நடுவில் இருந்தவர், காரணம்கூடக் கேட்காமல் பக்கத்தைத் திறந்துவிட்டார். அலுமாரியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகவே வாசிக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டேன். “செய்யலாம். ரெண்டு நாள் தாங்கோ” என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு நாள் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

பதினொன்றில் முதலாவதைத் தேடி முக்கோணத்தை அமர்த்தினேன். வந்தது என் குரல்தான். வழமைபோல அவசரமாக, வசனங்களை ஒன்றின் மேலொன்றாக ஏற்றிக்கொண்டு ஓடும் குரல். கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு விளங்காமல் போய்விட்டது என்றேன், அந்தச் சொல்லை மாற்றிவிடுவோம் என்றேன், எல்லாம் என்னுடைய பிழை என்றேன்.

அக்கா கையை நீட்டி, தடவி, என் முழங்காலைக் கண்டுபிடித்து அழுத்தினார்.

“பிள்ளை, கொஞ்ச நேரம் கதைக்காமல் இருங்கோ. நான் கேக்கிறன்.”